பின்னறை மின்னல் – 9: பீரோ நகர்ந்தது

மின்னலை நான் வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறேன். அதுவும் வந்தது. வந்து, பின்னறை நடுவில் எழுந்து நின்று, கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, நிலைப்படியில் நின்றிருந்த என் அக்காவுக்குத் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனது.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்கள் குடும்பத்திலும் நான் சொல்வதை யாரும் நம்பி வழக்கமில்லை. வானிலை ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெரும்புயல் வருகிறது என்று எழுதிக் கொடுத்தேன். ஊரே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தது. அன்றைக்கு அடித்த வெயிலில் ரோட்டுத் தார் உருகி ஒரு போலீஸ்காரரின் பூட்ஸ் ஒட்டிக்கொண்டது. அவரை இன்னும் அங்கிருந்து பிரித்தெடுத்தபாடில்லை. அதிலிருந்து எனக்குப் பெயர் புயல். நான் மழை என்றால் அக்கா உடனே மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போடுவாள்.

பின்னறையில் இருந்தது அத்தான் கட்டிய மின்னல் மெஷின். டெஸ்லா காயில் என்பது அதன் புத்தகப் பெயர். அக்கா வைத்த பெயர் சக்களத்தி. கடைகளுக்கு நியான் விளக்கில் பெயர் வளைத்துக் கொடுப்பது அத்தானின் தொழில். வேலை முடிந்து வந்தால் மிச்சப் பொழுதெல்லாம் சக்களத்தியோடுதான். வாழ்நாளெல்லாம் அதைக் கட்டினார், கழற்றினார், மறுபடி கட்டினார். கடைசி வரை வந்தது விரல் நீளப் பொறி. பல்லி நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி. போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அக்கா தன் மகள் வீட்டுக்குப் போவது என்றும், சக்களத்தியைச் செம்பு விலைக்கு எடை போட்டுவிடுவது என்றும் போன வாரம் முடிவானது. பழைய சாமான்காரருக்கு அக்கா வாக்கும் கொடுத்துவிட்டாள்.

இன்றைக்குக் காலையில் லாரி வந்தது.

"பெரிய சாமான் முதல்ல ஏறணும் சார்," என்றார் லாரிக்காரர்.

பெரிய சாமான் என்றால் பீரோ. அக்கா கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அந்தக் காலத்து இரும்பு. அதை மாடி ஏற்ற ஒரு யானையைக் கூப்பிட்டதாகவும், அது வந்து பார்த்துவிட்டு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டதாகவும் நான் சொல்வதுண்டு. மற்ற அறைகளின் கதவில் நுழையாமல் பின்னறைக்குப் போனது, போனது போனதுதான். பிற்பாடு வந்த சக்களத்தி அதன் பக்கத்திலேயே குடியேறினாள். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். என்னைப் போன்ற ஆள் என்றால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

"பார்த்து! கண்ணாடி!" என்றாள் அக்கா.

"என்னம்மா உள்ளே, இன்னொரு பீரோவா?" லாரி ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். நாலு பேர் முகமும் கத்தரிப்பூ நிறமானது.

"காலியாத்தான் இருக்கு. பேசினா கனம் குறையாது, தூக்குங்க."

சுவரோரம் இழுத்து, கதவருகே திருப்பி, இரண்டு இடத்தில் காரை பெயர்த்து, ஒரு வழியாக பீரோ வெளியே போனது. அது நின்ற இடத்தில் தரையில் நாலு துரு வட்டம். பின்னால் சுவரில், இந்த வீட்டுக்கு முதன்முதலில் அடித்த பச்சை நிறம் அப்படியே சதுரமாக இருந்தது.

அறை பெரிதாகிவிட்டது. அக்கா அந்த நாலு வட்டத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு பெரிய ரூமா இது," என்றாள், யாரிடம் என்றில்லாமல். உடனே என் பக்கம் திரும்பினாள். "டேய், நீயும் பாப்பாவும் சேர்ந்து சக்களத்தியைக் கழட்டி வைங்க. பழைய சாமான்காரர் மத்தியானத்துக்குள்ள வந்துடுவார்."

நான் கழற்றுவதற்காகப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்று உண்டு. "புயலு, ஒரு தடவை அவ பார்க்கணும்டா. அவ்வளவுதான்." பார்க்க வைக்கிறேன் அத்தான் என்றேன். நான் சொன்னதை அவர் நம்பினார். இந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு அப்பாவி அவர் ஒருவர்தான்.

பாப்பா என்றால் அக்கா மகள், பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் வேலை பார்த்துப் பழகிய கை. சின்ன இடத்தில் பெரிய காரியம் செய்யும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் போனில் பேசினால் சுற்று, கம்பி, கெப்பாசிட்டர், இதுதான் பேச்சு. சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இருக்காது. அக்கா போனைப் பிடுங்கித்தான் அதைக் கேட்பாள்.

"பாப்பா," என்று ஆரம்பித்தேன். "கழட்டறதுக்கு முன்னாடி…"

"வேணாம் மாமா."

"நான் இன்னும் கேட்கவே இல்லையே."

"காலைல நீங்க உள்ளே வரும்போதே தெரிஞ்சுபோச்சு. கனமா ரப்பர் செருப்பு போட்டுட்டு வந்திருக்கீங்க."

செருப்பைப் பார்த்துக்கொண்டேன். காட்டிக் கொடுத்துவிட்டது.

"ஏன் வேணாங்கறே?"

அவள் ஸ்க்ரூடிரைவரைக் கையில் உருட்டினாள். "அம்மா நிலைப்படியில வந்து நிப்பாங்க. விரல் அளவு பொறி வரும். ஒரு பெருமூச்சு விட்டுட்டுப் போவாங்க. வழக்கமா அதுதான் நடக்கும். இப்பவாவது, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா அப்பா முடிச்சிருப்பாரோன்னு ஒரு நினைப்பு பாக்கி இருக்கு. இன்னைக்கும் தோத்தா அதுவும் போயிடும் மாமா. அப்பா நிஜமாவே தோத்துடுவார்."

நான் செருப்பைக் கழற்றி மூலையில் விட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன்.

சக்களத்தியைச் சுற்றி இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கீழே, ஃப்ரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாயைக் கொசுவத்திச் சுருள் மாதிரி தட்டையாக வளைத்து வைத்திருந்தார் அத்தான். அதன் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன்மேல் தலைமுடி போன்ற செம்புக் கம்பி, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே எறும்பு மூச்சுவிட இடமில்லாமல். அதை அவிழ்த்தால் நிலா வரை போய் அங்கே ஒரு முடிச்சுப் போட்டுத் திரும்பலாம். அக்கா கணக்கில், தெருக்கோடி வரை. உச்சியில் அலுமினியத்தில் ஒரு பெரிய வளையம், தலையில் சும்மாடு மாதிரி. பக்கத்தில் பலகையில் டிரான்ஸ்ஃபார்மர், ஏதோ ஒரு லாட்ஜின் பெயரைப் பல வருஷம் எரிய வைத்தது. அதன் கரண்ட்டை வாங்கிச் சேர்க்க ஒரு வரிசை கெப்பாசிட்டர். சேர்ந்ததைப் படார் படாரென்று திறந்துவிட, இடைவெளி விட்டு நிறுத்திய செம்புத் துண்டுகள். அவை சூடேறாமல் இருக்க ஒரு விசிறி.

"கரண்ட்டைக் கொட்டினா யார் வேணா மின்னல் விடலாம்டா," என்பார் அத்தான். "கொஞ்சமா வாங்கணும், நிறைய கொடுக்கணும். நடுவுல எதுவும் சிந்தக் கூடாது." சிந்தாமல் இருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வயரைக் குட்டையாக்கினார், தடியாக்கினார். கூரான முனைகளையெல்லாம் உப்புத்தாள் போட்டு மழுக்கினார். அப்படியும் எங்கேயோ சிந்திக்கொண்டே இருந்தது.

எனக்குப் புரியும்படி அவர் சொன்னது ஊஞ்சல் கணக்கு. கொசுவத்திச் சுருள் தள்ளுகிற கை. நிற்கும் குழாய் ஊஞ்சல். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் அது வானத்தைத் தொடும். நேரம் தப்பினால் கைதான் வலிக்கும். நேரத்தைக் கூட்டிக் குறைக்க சுருளில் ஒரு கிளிப் உண்டு. அதை எந்தச் சுற்றில் கவ்வ விடுகிறோமோ அதுதான் தள்ளும் நேரம்.

முதலில் அந்தக் கிளிப்பைத்தான் கழற்றக் குனிந்தாள் அவள். கை பாதியில் நின்றது.

"மாமா, இதை யாராவது தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லை."

"நிஜமா சொல்லுங்க."

"நானா? கரண்ட் பில்லைக்கூட நான் கையால தொட மாட்டேன் பாப்பா."

"இது இங்க இருக்கக் கூடாதே." சுருளை விரலால் தடவினாள். "அப்பா எப்பவும் வெளிச்சுத்துலதான் மாட்டுவார். அங்கதான் கொஞ்சமாவது பொறி வரும். இது ரெண்டு சுத்து உள்ளே தள்ளி இருக்கு. இங்க மாட்டினா ஒண்ணுமே வராது. நாங்க எத்தனையோ தடவை பார்த்தாச்சு."

"கைதவறி மாட்டிட்டாரோ?"

"அப்பாவா?"

அவள் கிளிப்பைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த பச்சைச் சதுரத்தைப் பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்தாள்.

"கணக்கு போட்டா கிளிப் இங்கதான் வரும் மாமா. ஆரம்பத்துல இருந்தே இங்கதான் வந்துச்சு. ஆனா ரூம்ல போட்டுப் பார்த்தா வெளிச்சுத்துலதான் போய் நிக்கும். கணக்கு தப்புன்னு நினைச்சு நாங்க எல்லாத்தையும் மாத்தினோம். கணக்கு தப்பே இல்லை."

"அப்புறம்?"

"அது காலி ரூமுக்கான கணக்கு."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் என்னைப் பிடித்து எழுப்பி, துரு வட்டங்களின் நடுவில் நிறுத்தினாள். கையை நீட்டச் சொன்னாள். நீட்டினேன். விரல் கிட்டத்தட்ட குழாயைத் தொட்டது.

"இங்க நின்னுச்சு பீரோ. அவ்வளவு பெரிய இரும்பு. ஊஞ்சல் பக்கத்துல ஒருத்தர் நின்னுகிட்டு ஒவ்வொரு தடவையும் கயித்தைப் பிடிச்சு இழுத்தா எப்படி இருக்கும்? பாதியை அது தின்னுடுச்சு. நேரத்தையும் மாத்திடுச்சு. அப்பா இதைக் கடைசியில கண்டுபிடிச்சுட்டார் மாமா. கண்டுபிடிச்சு, கிளிப்பைச் சரியான இடத்துல மாட்டி வச்சுட்டு, பீரோ நகரட்டும்னு உட்கார்ந்திருந்திருக்கார்."

"பீரோவா?"

நிலைப்படியில் அக்கா. இடுப்பில் துணி மூட்டை.

லாரிக்காரர்கள் கீழே எதையோ கட்டுகிற சத்தம் கேட்டது.

"பீரோவுக்கு என்ன?"

மகள் சொன்னாள். சுருக்கமாக, குரலை உயர்த்தாமல், பல் பிடுங்குவதற்கு முன் சொல்கிற மாதிரி. அக்கா மூட்டையைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

"கேட்டார்," என்றாள் கடைசியில்.

"என்னம்மா கேட்டார்?"

"உடம்பு முடியாம படுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. 'பீரோவைக் கூடத்துக்கு மாத்திக்கலாமா'ன்னார். 'நான் இந்த வீட்டை விட்டுப் போறப்பதான் அதுவும் போகும்'னேன். சரின்னுட்டார்."

"எதுக்குன்னு சொல்லலையா அக்கா?" என்றேன்.

"சொல்ல விட்டாத்தானேடா."

கீழேயிருந்து குரல் வந்தது. "அம்மா! பழைய சாமான்!"

மகள் எழுந்தாள். "அவரை அனுப்பிடட்டுமா?"

"உட்காரச் சொல்லு." அக்கா இப்போதுதான் மூட்டையை இறக்கினாள். "அதைப் போடுங்க."

"எதைம்மா?"

"அதைத்தான். போடுங்க, பார்க்கலாம்."

நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். கிடைத்ததும், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு முன்னறிவிப்பைக் குறைத்துச் சொன்னேன். "அக்கா, ரொம்ப எதிர்பார்க்காதே. லேசா வரலாம். வராமலும் போகலாம்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயே வராதுன்னு சொல்றியா? அப்ப வரும்."

போன்களையெல்லாம் அடுப்படியில் கொண்டு வைத்தோம். லாரி ஆட்களை மேலே வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். மகள் ஒரு வருஷத் தூசியைப் பல் தேய்க்கும் பிரஷால் துடைத்தாள். ஸ்விட்சை நீள வயரோடு நடைக்கு இழுத்து வந்தாள். அக்காவை நிலைப்படிக்கு வெளியே நிறுத்தினாள். அத்தானின் சட்டப்படி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மின்சாரம் இரண்டு கையையும் கேட்கும், ஒன்றைத்தான் காட்ட வேண்டும் என்பார் அவர்.

"போடறேன்."

செம்புத் துண்டுகள் கடகடவென்று இரைந்தன. விசிறி சுற்றியது. உச்சி வளையத்தில் ஒன்றுமில்லை. ஒரு பல்லி நாக்குகூட இல்லை.

அணைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அக்காவின் பெருமூச்சுக்காக நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அது வரவில்லை.

"பச்சை வயர் ஏன் ஜன்னல்ல தொங்குது?" என்றாள் அக்கா.

"எந்த வயர்?"

"தரை வயர்டி. பீரோவுக்குப் பின்னால போய், ஜன்னல் வழியா இறங்கி, கொல்லையில அந்த இரும்புக் கம்பியில கட்டியிருக்கும். பீரோவை இழுத்தப்ப அறுத்துட்டானுங்க போலிருக்கு. எத்தனை தடவை அதுல தடுக்கி விழுந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நாங்கள் அசைவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். கொல்லையில், மண்ணில் அடித்திருந்த கம்பி முன்னால் அக்கா குந்தி உட்கார்ந்து, அறுந்த முனையைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தாள். கம்பியில் சுற்றி, கவ்வியை முறுக்கினாள். பிறகு பக்கத்துக் குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து அதன் தலையில் ஊற்றினாள்.

"மாமா," என்றாள் மகள் தாழ்ந்த குரலில். "சுத்தி எல்லா மண்ணும் காய்ஞ்சு கிடக்கு. அங்க மட்டும் பாசி பிடிச்சிருக்கு."

தரைக்கம்பி இருக்கும் மண் ஈரமாக இருக்க வேண்டும். தினமும் ஒரு வாளி ஊற்று என்று அத்தான் சொல்லியிருந்தார். அக்கா தினமும் ஊற்றினாள், தினமும் திட்டிக்கொண்டே. அது எங்களுக்குத் தெரியும். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது.

அக்கா மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"இன்னும் ஊத்திட்டு இருக்கியாம்மா?"

"பழக்கம்," என்றாள். "கை தானாப் போகுது. ஸ்விட்சைப் போடு."

மகள் போடுவதற்கு முன் உச்சி வளையத்தைக் காட்டினாள். வளையத்தில் ஒரு சின்ன ஊசி நட்டிருந்தது. மின்னல் எந்தப் பக்கம் கிளம்ப வேண்டுமோ அந்தப் பக்கம் ஊசியைத் திருப்பி வைப்பார்கள். "வாசலைப் பார்த்து வச்சிருக்கார். நீ நிக்கிற இடத்தைப் பார்த்து."

மெஷின் ஓடும்போதெல்லாம் அக்கா நின்றது அங்கேதான். படியைத் தாண்டமாட்டாள். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

இந்தத் தடவை கடகட சத்தம் இல்லை. துணியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பில் கிழிக்கிற சத்தம். ஊசி முனையிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு மரம் முளைத்தது. ஆமாம், மரம்தான். வேர் இல்லை, இலை இல்லை, கிளை மட்டும். ஒவ்வொரு கிளையும் பிறந்த கணத்திலேயே இன்னொரு இடத்தில் பிறந்தது. மேலே எழுந்து, அறையின் பாதிக்கு வந்து, நுனியில் வளைந்து, நிலைப்படியை நோக்கித் தாழ்ந்தது. காற்றில் மழைக்கு முந்திய வாசனை. நான் ஆபீஸில் இருந்த காலமெல்லாம் ஜனங்களுக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றிய அதே வாசனை.

அதோடு நிற்கவில்லை. மூலையில், வாங்க ஆள் வராமல் போன ஏதோ ஒரு கடைப் பெயர்ப்பலகையின் உடைசல் கிடந்தது. அதில் ஏதோ ஓர் எழுத்தின் ஒற்றைக் கொம்பு மட்டும் உடையாமல் மிஞ்சியிருந்தது. எந்த வயரிலும் மாட்டாமல், யாரும் தொடாமல், அந்த நியான் கொம்பு தானாகச் சிவப்பாக எரிந்தது.

மகள் அணைத்தாள். காது இரைந்தது. கொம்பு அணைந்தது.

அக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுதும்மா."

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். மறுபடி போட்டாள். செம்புத் துண்டுகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சூடே ஏறவில்லை, எதுவும் சிந்தவில்லை என்றாள். கடைசியாக அணைத்து, வயரைப் பிடுங்கி, நீளக் குச்சியால் கெப்பாசிட்டரில் தங்கியதையும் இறக்கிவிட்டு, இப்போது போகலாம் என்றாள்.

அக்கா படியைத் தாண்டி உள்ளே போனாள். நேராகப் போய்த் துரு வட்டங்களின் நடுவில், பீரோ நின்ற இடத்தில், பீரோ மாதிரியே நின்றாள். கையை நீட்டினாள். விரல் குழாயைத் தொட்டது.

"இவ்வளவு கிட்டவா இருந்துச்சு," என்றாள்.

"ரெண்டாவது தடவை கேட்டிருக்கலாம் இல்லை அவர்?"

"கேட்டிருந்தா?" என்றாள் மகள்.

"அதேதான் சொல்லியிருப்பேன்." சற்று நேரம் குழாயைத் தடவிக்கொண்டிருந்தாள். "மூணாவது தடவை கேட்டிருந்தா நகர்த்தியிருப்பேன்டி. அவருக்குத் தெரியாதா என்னை? மூணாவது தடவைக்கு எதுக்குமே நான் ஒத்துக்குவேனே. அந்த மனுஷன் ஏன் கேட்காம விட்டார்?"

பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாகக் கொல்லையில் ஈரமாக இருந்த அந்த ஒரு சாண் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய சாமான்காரர் பொறுமையிழந்து மேலே வந்துவிட்டார். தராசுக் கொக்கி தோளில். "என்னம்மா சத்தம், வெல்டிங்கா? செம்பு இருக்குன்னு சொன்னீங்களே."

"செம்பு இல்லை," என்றாள் அக்கா.

"இதோ நிக்குதே!"

"அது மெஷின். உங்களுக்குக் கீழே லாரியில இரும்பு இருக்கு. ஒரு பீரோ. இறக்கிக்கோங்க."

லாரிக்காரர் மாடிப்படியில் நின்று இதைக் கேட்டார். அவர் முகத்தில் தெரிந்த துக்கத்தை அத்தான் செத்த அன்றுகூட நான் யார் முகத்திலும் பார்க்கவில்லை. "இப்பத்தானேம்மா ஏத்தினோம்!"

"அம்மா, தாத்தா வாங்கிக் கொடுத்தது," என்றாள் மகள்.

"துணி வைக்க வாங்கிக் கொடுத்தார். துணியை மூட்டையிலகூட வச்சுக்கலாம்." அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இதைத் துணி சுத்தி ஏத்தச் சொல்லு. படுக்க வைக்காம, நிக்க வச்சு."

மகள் அடுப்படியிலிருந்து போனை எடுத்து வந்து கணவருக்கு அடித்தாள். மாப்பிள்ளை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடுகிறவர். தீப்பிடித்த கடைக்குப் போய், சாம்பலைத் தொட்டுப் பார்த்து, தீப்பிடித்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பவர். எல்லோரும் கேட்கட்டும் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, நம்ம வீட்ல இரும்பே இல்லாத ரூம் எது?"

"என்ன கேள்வி இது? அத்தைக்குன்னு ஒதுக்கினது ஒரு ரூம்தானே. அதுல என் ஆபீஸ் ஃபைல் பீரோ இருக்கு."

"அதை நகர்த்தலாமா?"

"அதெல்லாம் நகர்த்த முடியாது."

அறையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினேன். "மாப்பிள்ளை! மின்னல் மாப்பிள்ளை! கூரை வரைக்கும்! அப்படியே எழுந்து, அத்தையைப் பார்த்துத் தலையைக் குனிஞ்சு வணக்கம் சொல்லிச்சு மாப்பிள்ளை!"

"மாமா," என்றது போன், அலுப்போடு. "அத்தைகிட்ட குடுங்க."

கொடுத்தேன்.

"அத்தை, புயல் மாமா சொல்றதுல எவ்வளவு கழிக்கணும்?"

பிறந்ததிலிருந்து என் கணக்கையெல்லாம் வெட்டிக் குறைத்தே பழகியவள் அக்கா. அவள் போனைக் காதில் வைக்காமல் கையில் ஏந்தியபடி, துணி சுற்றக் காத்திருந்த சக்களத்தியைப் பார்த்தாள். ஊசி இன்னும் வாசலைப் பார்த்துத்தான் இருந்தது.

"கூரை வரைக்கும் எல்லாம் போகலை," என்றாள். "ஒண்ணரைக் கை நீளம் இருக்கும். மிச்சத்தைக் கழிச்சுக்கோங்க."

"அதானே பார்த்தேன். அப்ப அந்த வணக்கமும்…"

"அதுல ஒண்ணும் கழிக்க வேணாம் மாப்பிள்ளை," என்றாள் அக்கா. "என்னைப் பார்த்துத்தான் குனிஞ்சுது."